சளி என்று எழுதிய இடம்

ஜெபின், இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நான் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் நின்று நாலு பேரோடு பேசி, மேட்டுப்பாதை ஏறி வீடு வரப் பதினோரு மணி ஆகிவிடும். அதற்குள் நீ வாசித்து முடித்திருப்பாய். நாளைக் காலை பஸ் ஏறப்போகிறவனிடம் நேரில் சொன்னால் என்ன என்று நீ கேட்கலாம். மூன்று நாளாக முயன்று பார்த்தேன். உன் சட்டைகளை மடித்து வைக்கும்போது ஒருமுறை ஆரம்பித்தேன், நீ "என்னம்மா?" என்று திரும்பியதும் "கம்பளிய மேலயா அடியிலயா வைக்க?" என்று கேட்டுவிட்டேன். பேச வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது கேட்டுவிடுவது எனக்குப் பழைய பழக்கம். இந்தக் கடிதமும் அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

புதன்கிழமை நாம் கப்பக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய். "மொத வேலயே பழைய ரெக்கார்டிங் எல்லாம் திரும்பக் கேட்டுச் சரிபாக்கிறதுதானாம்மா. பத்து வருசத்துக்கு முன்னாடி நம்ம எஸ்டேட்ல எடுத்ததும் அதுல இருக்காம். நீ எழுதுனதையும் நாந்தான் செக் பண்ணப் போறேன், பாத்துக்கோ. தப்பு இருந்தா செவப்புப் பேனாதான்." நானும் சிரித்தேன். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை, ஜெபின். அந்தப் பதிவுகளில் உன் குரலும் இருக்கிறது. பதினோரு வயதுக் குரல். அதைக் கேட்டு எழுதியவள் நான். தப்பாக எழுதினேன், தெரிந்தே எழுதினேன். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து அதை நீயே கண்டுபிடிப்பதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தெரிந்துகொண்ட பிறகு நீ என்னோடு பேசாமலே பஸ் ஏறிவிடலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

நீ இப்போது வேலைக்குச் சேரப்போகிற அந்தப் பல்கலைக்கழகக் குழு நம் எஸ்டேட்டுக்கு வந்த வருடம் எனக்கு முப்பது வயது. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம் என்பதால் கடைத்தெருவில் நம்மை அக்கா தம்பி என்று நினைப்பார்கள், உனக்கு அது பிடிக்காது. மனித உணர்ச்சிகளையும் மூளையையும் ஆராய்கிற குழு அது. கேரளத் தேயிலை மலையில் வேலை செய்கிற குடும்பங்கள் மனதளவில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்திருந்தார்கள். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். அஞ்சல் வழியில் டிகிரி முடித்துவிட்டுக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பாதிரியார் அனுப்பிவைத்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு அதே பாத்திகளுக்கு நடுவில் போய் நின்றேன். நம் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் விடுவார்களா? "சந்தோச டீச்சர் வாராங்கடி, எல்லாரும் பல்லக் காட்டுங்க!" என்று மரியபாக்கியம் அக்கா மேலிருந்து கத்துவாள். இரண்டே வாரத்தில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

மனசுக்கு எவ்வளவு சந்தோஷம், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. பாக்கியம் அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நெசத்துக்கு ஒம்பது. ஆனா ஒம்பதுன்னு போட்டுறாத, கண்ணு பட்டுரும். ஏழுன்னு போடு" என்றாள். பிறகு கம்பிகள் வைத்த ஒரு தொப்பியைத் தலையில் மாட்டி மூளைக்குள் ஓடும் மின்சாரத்தை அளந்தார்கள். அதற்கும் அவள்தான் முதல் ஆள். "எம் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு எம் மாமியாகிட்ட கேட்டா ஓசியிலயே சொல்லிருவா, இதுக்கு எதுக்கு இம்புட்டு கம்பி?" அவள் சிரித்ததில் திரையில் கோடெல்லாம் தாறுமாறாக ஓடி, இன்னொரு முறை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிலர் என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

அவர்களில் வைதேகி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். பாலக்காட்டுக்காரி, கல்பாத்திப் பக்கம். இப்போது உனக்கு மேலதிகாரியாக இருக்கப்போகிற அதே வைதேகிதான். அவள் பேசும் தமிழைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். குழுவில் மற்றவர்கள் மலையாளிகள். பதிவுகளைக் கேட்டு எழுதி, ஒவ்வொரு பதிலையும் இது துக்கம், இது பயம், இது கோபம், இது கூச்சம் என்று பிரிக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் ஒருநாள் நான் அவர்களை மடக்கினேன். அவர்கள் 'சங்கடம்' என்ற சொல் வந்த இடங்களையெல்லாம் துக்கத்தில் போட்டுவைத்திருந்தார்கள். மலையாளத்தில் சங்கடம் என்றால் அழுகை வருகிற துக்கம். நம் ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. அடுத்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாமல் உள்ளே போய்விட்டால் அது சங்கடம். உதவி கேட்கப் போய் வாசலில் நின்றால் அது சங்கடம். "உங்க சங்கடத்துக்குக் கண்ணீர் வரும். எங்க சங்கடத்துக்குக் காலு தயங்கும், அவ்வளவுதான்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். குழுவை நடத்திய பேராசிரியை மேடம் அதையே விதியாக எழுதிச் சுவரில் ஒட்டினார்: எஸ்டேட் தமிழில் சங்கடம் வந்தால் கூச்சத்தில் போடு. என் பெயர் அதில் இல்லாவிட்டாலும் எல்லோரும் அதை என் விதி என்றுதான் சொன்னார்கள். நான் அன்று தோட்டத்தில் வளர்ந்தவர்களை மனதில் வைத்துத்தான் பேசினேன். மலையாளம் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த உன்னைப் போன்ற பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லை. நீங்களெல்லாம் வீட்டில் தமிழில் பேசினாலும் உள்ளே நோவதைப் பள்ளிக்கூடத்துச் சொல்லில்தான் சொன்னீர்கள்.

அப்போது உன் அப்பா திருப்பூர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு திருவிழாவுக்கு வந்தார், பிறகு போன் மட்டும். அந்த ஈஸ்டருக்கு முந்தைய வாரம், இனி வருவதாக இல்லை, அங்கே வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டார். நான் உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "வெந்நி வச்சுக் குடி" என்று குரல் வருகிற லயத்தில், ஒரு வீட்டு மனிதன் போய்விட்டதை நான் மூடிவைத்திருந்தேன். "கம்பெனியில லீவு தரலயாம், கிறிஸ்மசுக்கு வந்துருவாங்க" என்று உன்னிடம் சொல்வேன். நீ தலையை ஆட்டுவாய். நீ நம்புகிறாய் என்று நான் நம்பினேன்.

உன் பள்ளியில் பேட்டி எடுத்தது வைதேகி. சொந்த வீட்டாரை நாங்கள் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. நீ என் மகன் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. வீட்டு விஷயம் எதையும் அங்கே நான் பேசினதில்லை. பதிவுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நாலைந்து நாள் கழித்து எனக்கு வந்த பதிவுகளில் ஒன்றை ஓடவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டினேன். வைதேகியின் குரல், "இப்போ நோக்கு மனசுக்கு எப்படி இருக்கு, சொல்லு கோந்தே" என்றது. குழந்தையை அவள் கோந்தே என்றதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே நீ என்று தெரிந்துவிட்டது. அப்போதே கழற்றி, இது என் பிள்ளையுடையது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பத்து வருடமாக ஒரு வார்த்தை கூட மறக்கவில்லை. "சங்கடமா இருக்கு" என்றாய். எதனால் என்று அவள் கேட்டாள். "அப்பா வர மாட்டாங்க. அம்மா வருவாங்க வருவாங்கன்னு சொல்லிட்டே இருக்கு. நானும் நம்புன மாதிரி தலய ஆட்டுறேன். அதான் சங்கடமா இருக்கு." அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டாள். "இல்ல. சொன்னா அம்மாக்கு சங்கடமாகும்." அதற்குப் பிறகு சத்தங்கள்தான். நாற்காலி நகர்கிற சத்தம். நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. வைதேகி "தண்ணி குடிக்கறியா?" என்று கேட்பதோடு பதிவு முடிந்துவிடும்.

நான் இரண்டாம் முறை கேட்டேன், மூன்றாம் முறையும் கேட்டேன். எந்தச் சங்கடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துக்கம் என்று போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். துக்கத்தில் வருகிற பிள்ளைகளின் பட்டியல் கவுன்சிலருக்குப் போகும். அவர் முதலில் வீட்டுக்கு வந்து பேசுவார். நம் லயத்து வாசலில் ஒரு அந்நியப் பெண் வந்து உட்கார்ந்து "ஜெபினோட அப்பா எப்ப கடைசியா வந்தார்?" என்று கேட்பாள், பாக்கியம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் உலையை இறக்கிவைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள். ஊரெல்லாம் சந்தோஷம் எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறவளின் பிள்ளை முதல் பட்டியலிலேயே இருக்கிறான் என்று ஆபீசில் பேசுவார்கள். மனதைப் பற்றி வாயனசாலை நூலகத்தில் இருந்த புத்தகங்கள் அத்தனையும் நான் வாசித்திருந்தேன், வாசித்தது ஒன்றும் அந்த நேரம் என் கையைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் என் விதி இருந்தது. அதன்படி 'கூச்சம்' என்று எழுதினேன். விதிப்படி எழுதினேன் என்பதால் யாரும் என்னைத் தப்பு சொல்ல முடியாது. பக்கத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு, அழுகை, சிரிப்பு, நீண்ட மௌனம் எதுவானாலும் அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் நான் 'சளி' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து வைதேகி வந்து, "அக்கா, ஒரு பையன் கிட்டத்தட்ட அழுதுட்டான். அந்தப் பதிவு உங்ககிட்டயா வந்தது?" என்று கேட்டாள். "அது அழுகை இல்ல பிள்ள, சளி. இந்தக் குளிருல எங்க பிள்ளைகளுக்கு எப்பவும் மூக்கு ஒழுகும்" என்றேன். உள்ளூர்க்காரி சொன்னால் அவள் என்ன செய்வாள்? "அப்படியா, நான் பயந்துட்டேன்" என்று நிம்மதியாகப் போனாள். உன்னைப் பற்றிக் கவலைப்பட ஒருத்தி தானாக வந்தாள், அவளையும் நான் திருப்பி அனுப்பினேன்.

உன் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளைப் புதன்கிழமைதோறும் கவுன்சிலர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒருநாள் நீ வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாய். "அம்மா, அந்த மிஸ் ஏன் என்னயக் கூப்பிடல? நான் தப்பா பதில் சொல்லிட்டனா?" உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் இருந்தால் நல்லது. நான் அரிசி களைந்துகொண்டே, "ஒனக்கு ஒரு கொறயும் இல்லல்லா, அதான் கூப்பிடல" என்றேன். நீ பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரி" என்றாய். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான். பள்ளியில் என்ன? ஒண்ணுமில்ல. ஏன் சாப்பிடவில்லை? ஒண்ணுமில்ல. எட்டாம் வகுப்பில் அரைப்பரீட்சை எழுதப் போகாமல் பாலத்தடியில் உட்கார்ந்திருந்த நாளிலும் அதே. அந்த மூன்று வருடம் நீ பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பியபோதும் அதைத்தான் சொன்னேன். நீ பிடிவாதக்காரன் இல்லை. மனதைத் திறந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாய், ஒன்றும் நடக்கவில்லை, அதனால் நிறுத்திக்கொண்டாய்.

பிறகு நீ எப்படியோ ஏறி வந்தாய். ஹாஸ்டலில் உனக்கு நல்ல சிநேகிதர்கள் கிடைத்தார்கள், படிக்க மனோதத்துவத்தையே எடுத்தாய். என் பிள்ளை என் வழியில் வருகிறான் என்று பாக்கியம் அக்காவிடம் பெருமை பேசினேன். அவள், "ஒன் வழியில வந்தா ரொம்பக் கெட்டிக்காரனாயிருவான், வேண்டாம்டி" என்றாள். அப்பா விஷயம் அவளுக்கு முதல் மாதமே தெரியும் என்பதை அப்புறம்தான் சொன்னாள். நான் யாருக்கு மறைத்தேனோ அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உனக்கும்கூட. வேலையில் சேரப்போகிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு இதற்கு மேல் யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். இந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பி ஒரு பிள்ளையின் பதிலை மூடிவிடாதே. நாளைக்கு நீயே அப்படிச் சொல்கிற ஆளாகிவிடுவாய், மற்றவர்கள் உன் வாயைப் பார்ப்பார்கள். அப்போது அந்தப் பிள்ளையிடமே திரும்பப் போய், நீ சொன்னது இதுதானா என்று கேள்.

வியாழக்கிழமை நீ வண்டிப்பெரியார் போயிருந்தபோது வைதேகிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "பிள்ள, இருக்கியா?" என்றேன். "இருக்கேன் அக்கா. அன்னிக்கு ராத்திரி முழுக்க அவன் மொகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீங்க சளின்னு சொன்னேளேன்னு விட்டுட்டேன்" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகுதான் நான் யோசித்திராத ஒன்றைச் சொன்னாள். "அக்கா, அப்போ அந்த ஸ்கூல்ல சங்கடம்னு சொன்ன மத்த குழந்தைகள்?" உன்னுடையதை மட்டும்தான் பொய் என்று தெரிந்து எழுதினேன். மற்றதெல்லாம் சரி என்று நினைத்து என் விதிப்படியே எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளைகளும் உன்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து மலையாளம் படித்தவர்கள்தான். நான் பிரித்துவைத்த அத்தனையையும் திரும்பக் கேட்க வேண்டும் என்றாள். அதுதான் உன் முதல் வேலை, ஜெபின். என்னைப் பற்றி ஆபீசில் யாராவது கேட்டால் மறைக்காதே. நான் செய்ததைச் செய்ததாகவே சொல்.

உன்னுடைய பதிவை உன் கைக்கு வராமல் அவள் தனியே எடுத்துவைத்திருக்கிறாள். அதை என்ன செய்வது என்று நான் கேட்டேன். நான் எழுதியதைத் திருத்திவிட்டால் போதுமா என்றும் கேட்டேன். "அத நீங்க சொல்லப்படாது அக்கா. அன்னிக்கு அவன் சின்னப் பையன், ஸ்கூல்ல குடுத்த சம்மதத் தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டேள். இப்போ அவன் பெரியவன். அவன்தான் சொல்லணும்" என்று ஒரு தாளை அனுப்பினாள். ஜங்ஷன் கடையில் பிரிண்ட் எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பதிவைக் கேட்க விருப்பமா, எழுதியதைத் திருத்த வேண்டுமா, மொத்தமாக அழித்துவிட வேண்டுமா என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கீழே காரணம் எழுத நாலு வரி இடம் விட்டிருக்கிறார்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லையாம்.

கோயிலிலிருந்து நான் வரும்போது நீ வீட்டில் இருந்தால், நீ என்ன கேட்டாலும் பதில் சொல்வேன், பாக்கியம் அக்காவுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கேட்டாலும் சரி. நீ இல்லாவிட்டால் தேடிக்கொண்டு வர மாட்டேன். அந்தத் தாளில் உன் பெயர் எழுத வேண்டிய இடத்தைக்கூட நான் நிரப்பவில்லை.